ஆளில்லாத படங்களோடு ஐந்து நாள்

முதல் நாள்: தஞ்சாவூர்

இந்தப் பயணத்துக்கு நான் எடுத்து வந்திருப்பவை ஒரு தோள்பை, மூன்று மாற்றுத் துணிகள், பதினான்கு புகைப்படப் பிரதிகள். படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாகி, 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் அங்கே எடுத்த படங்களால் பெயர் பெற்று, மறு ஆண்டில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கேமராவையும் இரசாயனக் குப்பிகளையும் காகிதக் கட்டுகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அடுத்த சில மாதங்களில் அவர் சுற்றி எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

வரலாற்றில் எனக்கு உள்ள ஆர்வத்தால் மட்டும் இந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. அவற்றில் ஒன்றில் என் அத்தா உட்கார்ந்து தைத்த இடம் இருக்கிறது. மதுரைப் புதுமண்டபத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தையல் மெஷின் மிதித்தவர் அவர். அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் வேலை செய்யும் கோலத்தில் ஒரு படம்கூட எங்கள் வீட்டில் யாரும் எடுத்து வைக்கவில்லை. இருப்பவை இரண்டு கல்யாணப் படங்களும், ரேஷன் அட்டைக்கு எடுத்த படமும், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும்தான். வெளிநாட்டுப் பயணிகள் மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் அத்தாவைப் படமெடுப்பார்கள். அவரும் கையை மெஷினிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். அந்தப் படங்கள் உலகத்தில் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. எங்களிடம் இல்லை. அவர் காலமான பிறகு அவருடைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தபோது, எனக்குக் கிடைத்தது அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு டிரைப் எடுத்த படம்.

டிரைப் கடைசியாக வந்த தஞ்சாவூரில் நான் தொடங்குகிறேன். மதுரையை முடிவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

காலை ஏழு மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்தேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளை டிரைப் 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அதன் சிறிய பிரதி ஒன்றை நீளமான பட்டையாக அச்சிட்டு வந்திருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தபோது அந்த மனிதர் பட்ட பாடு புரிந்தது. ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவரிலிருந்து அதே தொலைவில், அதே உயரத்தில் வைத்து, ஒரு படத்தின் முடிவும் அடுத்த படத்தின் தொடக்கமும் சேருமாறு நகர்த்திக்கொண்டே போயிருக்க வேண்டும். கோடை ஏறிவிட்ட மாதங்களில், இரசாயனங்களை வைத்துக்கொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்காக அவர் இவ்வளவையும் செய்தார். அன்றைக்கு அந்த எழுத்துகளைப் படித்துச் சொல்ல ஆளே அரிது. 1886-இல் ஹுல்ஷ் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்று அவற்றைப் படித்த பிறகுதான் கோயிலைக் கட்டியவர் இராஜராஜன் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியாயிற்று.

நான் தஞ்சாவூருக்கு வருவது இதுதான் முதல் முறை. ஆகவே இங்கே நினைவு எதுவும் எழாது, படத்தையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்தக் கல்வெட்டின் புகழ்பெற்ற வாசகம் தடுத்து நிறுத்திவிட்டது. ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று மன்னன் ஆணையிட்டதாக அது சொல்கிறது. பெயருக்கு முன்னால் உறவு நிற்கிறது. அக்கன், பெண்டுகள், மற்றும் கொடுத்தார்.

அத்தாவின் உருப்படி நோட்டு அப்படித்தான் இருக்கும். நீள வாக்கில் மடித்துத் தைத்த, அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் மார்பு, தோள், கை, உயரம் என்று அளவுகள் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தின் தலையில் வாடிக்கையாளர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘எழுகடல் தெரு வாத்தியார்’, ‘பூக்காரம்மா மகன் – பெரியவன்’, ‘வாத்தியார் சம்சாரம் தங்கச்சி மகள்’ என்றுதான் எழுதியிருப்பார். பெயரைக் கேட்டால் அவருக்கு மறந்துவிடும், உறவைச் சொன்னால் அளவு வரைக்கும் நினைவுக்கு வந்துவிடும். பூக்காரம்மாவின் பெரிய மகனுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம் என்று அவர் நோட்டைத் திறக்காமலே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். விமானத்தின் அடியில், கல்லில் இருந்த ஒரு ‘க’ மீது விரலை வைத்துக்கொண்டு, எத்தனையோ ஆண்டுகளாக நான் நினைத்தே பாராத அந்த நோட்டின் அட்டை நிறம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. காவி. மூலையில் எண்ணெய்க் கறை.

அந்த நோட்டு இப்போது எங்கே என்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். வீடு மாற்றியபோது போய்விட்டது என்றாள்.

இரண்டாம் நாள்: திருச்சி, ஸ்ரீரங்கம்

டிரைப் மலைக்கோட்டையைப் பல கோணங்களில் எடுத்திருக்கிறார். அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு காலை முழுவதும் அலைந்தேன். படத்தில் பாறை தன்னந்தனியாக நிற்கிறது. இன்றைக்கு அதைக் கட்டடங்களின் இடுக்கு வழியாகத்தான் துண்டு துண்டாகப் பார்க்க முடிகிறது. தெப்பக்குளத்தின் கரையில் நின்றபோது மட்டும் படமும் கண்ணும் ஓரளவுக்கு ஒத்துப்போயின.

இந்தப் படங்களின் வானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிரைப் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். பாறையும் கட்டடமும் அதில் பதிவதற்கு ஆகும் நேரத்துக்குள் வானம் வெளிச்சம் மிகுந்து, ஒன்றும் இல்லாத வெளுப்பாகிவிடும். ஆகவே அவர் நெகட்டிவின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். எந்த இடத்தில் தீட்டினார் என்பது உற்றுப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. அவ்வளவு நேர்த்தி. 1858-இல் திருச்சிக்கு மேலே நின்றதாக நாம் காணும் மேகத்தை அவருடைய கைதான் அங்கே வைத்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்று மாலை ஸ்ரீரங்கத்தில் அந்த ஏமாற்றம் போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயதில் அத்தா என்னை நத்தர்வலி தர்காவுக்கு அழைத்து வந்தார். ஏதோ நேர்த்திக்கடன். தர்காவில் பாத்திஹா ஓதி முடிந்ததும் ஊருக்குப் பஸ் பிடிக்காமல், காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தி, பின்னால் மலைக்கோட்டையையும் முன்னால் ஸ்ரீரங்கத்தையும் காட்டினார். வண்ண வண்ணமாக ஒரு மாபெரும் கோபுரம் மரங்களுக்கு மேலே எழுந்து நின்றதும், ‘எத்தனை நிலைன்னு எண்ணு பாப்போம்’ என்று அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டதும் என் நினைவில் அப்படியே இருக்கின்றன. இந்த நினைவை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

ஆனால் அந்த ஆண்டு 1986. ஸ்ரீரங்கத்தின் தெற்கு இராஜகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோய், தலைமுறை தலைமுறையாக ‘மொட்டைக் கோபுரம்’ என்றே அழைக்கப்பட்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் அது மொட்டையாகத்தான் தெரிகிறது. 1979-இல் மீண்டும் வேலை தொடங்கி, 13 நிலைகளோடும் 236 அடி உயரத்தோடும் முடிந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. அப்படியானால் நான் வண்ணத்தில் பார்த்திருக்க முடியாது. சாரம் கட்டிய, அரைகுறையான, சிமென்ட் நிறக் கோபுரத்தைத்தான் பார்த்திருப்பேன். பின்னாளில் பார்த்த வண்ணத்தை அந்தப் பழைய மாலையின் மீது என் மனம் தீட்டியிருக்கிறது. டிரைப்பின் மேகத்தைப் போல அதுவும் எங்கே தீட்டப்பட்டது என்று தெரியாத அளவுக்கு நேர்த்தியாகப் பொருந்தியிருக்கிறது.

இன்று அதே பாலத்தின் நடைபாதையில் நின்று, தெரிந்த உண்மையை வைத்து அந்த மாலையை மறுபடி பார்க்க முயன்றேன். வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாரத்தை வைத்தேன். வைத்தவுடன் அதுவரை நினைவில் இல்லாத ஒன்று வந்தது. ‘எண்ணு’ என்று சொன்ன அத்தாவிடம் நான், ‘முடியலையே, இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்களே’ என்று சொன்னேன். அதற்கு அவர், ‘கட்டுறவுகளுக்குத் தெரியும்ல எத்தனைன்னு, அதைக் கேட்டுச் சொல்றேன்’ என்றார். மொட்டையாக நின்ற கோபுரத்தின் படங்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது. வண்ணக் கோபுரம் அதை மூடி மறைத்திருந்தது. நெடுநேரம் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள்: புதுக்கோட்டை வழியாக

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும், அங்கிருந்து திருமயம் வழியாக மதுரைக்கும் பேருந்தில் வந்தேன். புதுக்கோட்டைக்கென்று டிரைப் ஒரு தனித் தொகுதியே வெளியிட்டிருக்கிறார். அதிலிருந்து கொண்டு வந்த படங்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தும் எனக்குள் எதுவும் அசையவில்லை. திருமயத்தில் இறங்கி, 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையை ஒரு மணி நேரம் சுற்றினேன். மேலே காற்று நன்றாக இருந்தது. அவ்வளவுதான். பழைய படம் எதுவானாலும் மனத்தைத் தொட்டுவிடும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. என் அனுபவம் அப்படியில்லை. உள்ளே ஏற்கெனவே ஏதோ ஒன்று காத்துக் கிடந்தால்தான் படம் அதைக் கூப்பிட முடியும்.

பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தது டிரைப்பின் பிற்காலத்தைப் பற்றி. இத்தனை பாடுபட்டு எடுத்த படங்கள் வெளிவந்த மறு ஆண்டே, 1859-இல், புதிதாக வந்த ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் புகைப்படப் பிரிவை மூடிவிட்டார். அரசுக்கு அது வேண்டாத ஆடம்பரச் செலவு என்பது அவருடைய கருத்து. டிரைப் அதன் பிறகு 1902 வரை வாழ்ந்தும் பெரிய அளவில் படமெடுப்புக்குத் திரும்பவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம். இன்னும் மூன்று ஆண்டுகள் அவரை விட்டுவைத்திருந்தால் எத்தனை ஊர்களின் முகம் நமக்குக் கிடைத்திருக்கும்.

ஆடம்பரம் என்ற சொல் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுக்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், பெருநாள் துணி வேலை முடியட்டும், திருவிழா வேலை முடியட்டும் என்று அத்தா தள்ளிப்போடுவார். வேலை ஓய்ந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. காசு இருக்கும் மாதங்களில் ஓய்வு இருக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள்: மதுரை

வைகையில் தொடங்கினேன். டிரைப் எடுத்த படத்தில் ஆற்றின் குறுக்கே தரைப்பாலம் ஒன்று மதுரையை நோக்கிப் போகிறது. இன்று நாம் யானைக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவே கடந்துபோகும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல்தான் வந்தது. ஆகவே படத்தில் அது இல்லை. பாலத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அந்தப் படம் முதலில் வேறு ஊராகத் தோன்றுகிறது. மணல் நிறைய இருக்கிறது. ஆள் ஒருவர்கூட இல்லை.

இந்த ஆளின்மை டிரைப்பின் பெரும்பாலான படங்களில் உண்டு. காகித நெகட்டிவில் ஒரு காட்சி பதிவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அசைந்தவர், நடந்தவர், கடந்து போனவர் எவரும் படத்தில் தங்கமாட்டார்கள். தூணும் படியும் கல்லும் தங்கும். வைகைக் கரையில் அன்றைக்கும் துவைத்தவர்கள் இருந்திருப்பார்கள், மாடு ஓட்டியவர்கள் இருந்திருப்பார்கள். காகிதம் அவர்களைப் பிடித்துக்கொள்ளவில்லை. இதனால்தான் இந்தப் படங்கள் என்னை இவ்வளவு இழுக்கின்றன என்று இன்று தோன்றியது. ஆட்கள் நிறைந்த பழைய படத்தைப் பார்க்கும்போது நாம் அந்த ஆட்களைப் பார்க்கிறோம். அவர் யார், இவர் யார் என்று கேட்கிறோம். ஆளில்லாத படம் நம்முடைய ஆட்களுக்கு இடம் விட்டுவைக்கிறது.

எனக்கு அந்த வெற்று மணலில் தெரிந்தது சித்திரை மாதத்து விடியல். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முன்பு இரண்டு மாதம் அத்தாவுக்குத் தூக்கம் கிடையாது. அழகர் வேடமிடும் பக்தர்களுக்கான வெல்வெட் உடுப்பு, சாட்டின் கால்சட்டை, தலைப்பாகை, சல்லடம், ஜரிகை வைத்த கச்சை எல்லாம் புதுமண்டபத்தில்தான் தைத்தாக வேண்டும். கடைசி உருப்படியை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த விடியலில் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருவார். தோலில் செய்த துருத்தியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியபடி வேடமிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அத்தா ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். ‘அந்தா போகுது பாரு, பச்ச வெல்வெட்டு. அது நம்ம கை’ என்பார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்டால், லேஸ் மூலையில் திரும்பும் இடத்தைப் பார்க்கச் சொல்வார். மற்றவர்கள் அங்கே லேஸை மடித்து ஓட்டுவார்கள், அவர் வெட்டிச் சேர்ப்பார். ஆயிரக்கணக்கானவர்கள் அழகரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் நாங்கள் மூவரும் லேஸின் மூலைகளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

விளக்குத்தூணையும் திருமலை நாயக்கர் மகாலையும் பிற்பகலில் பார்த்தேன். விளக்குத்தூண், மதுரைக் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்து நகரம் வெளியே பரவ வழி செய்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது. அந்த வேலையில் ஈடுபட்ட மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். டிரைப் அதைப் படமெடுத்தபோது அது புதிய சின்னம். எனக்கு அது ஜரிகையும் பித்தானும் வாங்கப் போகும் ஜவுளிக் கடைகளுக்கு அடையாளம். ‘விளக்குத்தூண் வரைக்கும் போயிட்டு வா’ என்றால் அளவுத் துணியை எடுத்துக்கொண்டு போய் அதே நிறத்தில் நூல்கண்டு வாங்கி வர வேண்டும் என்று பொருள். மகாலின் படத்தை விட்டு மட்டும் சீக்கிரம் விலகிவிட்டேன். 1858-இல் அது சிதைந்து கிடக்கிறது. 1866-இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்த பிறகு எழுந்த மகாலைத்தான் நாம் அனைவரும் அறிவோம். அந்தச் சிதைவைப் பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

புதுமண்டபத்தின் பக்கம் இன்று போகவில்லை. லாட்ஜ் மாடியிலிருந்து கீழைக் கோபுரத்தின் உச்சி தெரிகிறது.

ஐந்தாம் நாள்: புதுமண்டபம்

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் இது. 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். கட்டி நானூறு ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் பெயர் ‘புது’ மண்டபம்தான். கரும்பு தின்னும் கல்யானை, மீனாட்சி திருமணம், கைலாயத்தைத் தூக்கும் இராவணன், வரிசையாக நிற்கும் நாயக்க மன்னர்கள் என்று பார்த்து முடியாத சிற்பங்கள். ஆனால் என் வயதுக்காரர்களுக்கு அது தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்த இடம். யாளியின் வாயில் சட்டை தொங்கும். நாயக்க மன்னரின் கூப்பிய கைக்குக் கீழே காஜா எடுக்கும் பையன் உட்கார்ந்திருப்பான். கோடை விடுமுறைகளில் அந்தக் காஜா பையன் நான்.

கடைகள் அனைத்தையும் சில ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்துக் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அத்தா அதைப் பார்க்க இல்லை. மண்டபத்தின் நன்மைக்கு அது வேண்டியதுதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சிற்பங்கள் மூச்சு விட வேண்டும். இருந்தாலும் அடைப்புக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தபோது கால்கள் நகரவில்லை. கையில் இருந்த படத்தை உயர்த்தி வைத்துப் பார்த்தேன். டிரைப் அதற்கு வைத்த தலைப்பு, ‘திருமலை நாயக்கர் சத்திரம், பக்கவாட்டுத் தாழ்வாரம், மேற்கிலிருந்து’ என்று பொருள்படுவது. தூண்கள் வரிசையாக உள்ளே உள்ளே போய்ச் சிறுத்துக்கொண்டு செல்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து தரையில் விழுகிறது. ஒரு மனிதர் இல்லை, ஒரு பொருள் இல்லை.

எதிரே இருந்த மண்டபமும் அப்படியே இருந்தது. பழைய படத்துக்கும் இன்றைய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு மனம் கலங்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். வேறுபாடே இல்லாமல் இருந்ததுதான் என்னைக் கலக்கிவிட்டது. 1858-இல் காலி. இன்றைக்கும் காலி. இரண்டுக்கும் நடுவில் இருந்தது, எத்தனையோ தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும் இரைச்சல், சூடான கரிப்பெட்டியின் கீழே ஈரத் துணி எழுப்பும் மணம், வெட்டுத்துணிக் குவியலில் தூங்கும் பூனை. இவை படத்திலும் இல்லை, கண்ணெதிரே இருந்த கல்லிலும் இல்லை. இவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம்.

சத்திரக் கட்டடத்தில் அத்தாவோடு தொழில் செய்தவர் ஒருவர் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குழல் விளக்குக்குக் கீழே ஒரு சிறு பையனின் சட்டைக்குக் காலர் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

‘பாய் மகன்தானே? பெரியவனா, சின்னவனா?’

‘சின்னவன், மாமா.’

‘காஜாவை அறுத்து அறுத்து வைப்பியே, அவனா.’

ஸ்டூலை இழுத்துப் போட்டார். அம்மாவின் உடம்பைக் கேட்டார், அக்கா பிள்ளைகளைக் கேட்டார். பிறகு படத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். 1858, வெள்ளைக்காரர், காகித நெகட்டிவ் என்று நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் முதலில் யாளியைப் பார்ப்பார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

‘இது காலையில எடுத்தது, தம்பி.’

‘எப்படி மாமா சொல்றீங்க?’

‘வெளிச்சம் கெடக்குற கெடையைப் பாரு. இந்த நேரத்துல லைட்டு போடாம ஊசியில நூல் கோத்துரலாம். மதியத்துக்கு மேல அங்க முடியாது. உங்கத்தாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்குன பொறகு, கருப்புத் துணி எல்லாத்தையும் காலையிலயே முடிச்சிருவாரு. மதியத்துக்கு மேல வெள்ளைதான் எடுப்பாரு.’

இது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு ஆண்டில் ஒரு நாளும் அவர் வீட்டில் சொன்னதில்லை. மாலையில் சாப்பாட்டுக் கூடையைத் திரும்ப வாங்கப் போகும் நாளெல்லாம் அவர் வெள்ளைத் துணியையே தைத்துக்கொண்டிருந்ததை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சீருடைக் காலம் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா படத்தை மெஷின் பலகையின் மேல் வைத்துச் சுருக்கம் நீவுவதுபோல இரண்டு கையாலும் நீவினார். சுட்டு விரலால் தூண்களை எண்ணினார். நடுவில் தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

‘இது தண்ணிப்பானை. இது நான். இந்தா, இது உங்கத்தா.’

விரல் நின்ற இடத்தில் படத்தில் தரைதான் இருந்தது. வெறும் கல்தரை, அதன் மேல் காலை வெளிச்சம். ‘கோடு போடலாமா?’ என்று கேட்டார். தலையசைத்தேன். துணியில் அடையாளம் வைக்கும் அந்த முக்கோணச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அளவு எடுத்த இடத்தில் போடுவது போலவே சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். நீல நிறம்.

‘சாக்பீஸ் நிக்காது தம்பி, கை பட்டா போயிரும். பாத்துக் கொண்டு போ’ என்றவர், என்னை நம்பாமல், கீழே கிடந்த வெட்டுத்துணிகளில் ஒரு நல்ல துண்டாகத் தேடி எடுத்தார். வெள்ளைக் காட்டன். படத்தை அதில் வைத்து நான்கு பக்கமும் மடித்து, பிரிந்துவிடாமல் இருக்க விளிம்பில் நாலு இழை ஓட்டுத்தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு காலருக்குத் திரும்பினார்.

இரவு பதினொரு மணி ஆகிறது. அந்த மடிப்பு மேசையின் மேல் இருக்கிறது. தையலை இன்னும் பிரிக்கவில்லை.